கயிற்றை இழுக்கும் முன்

ஆனியும் ஆடியும் கழிந்து, தென்மேற்குப் பருவக்காற்றின் உக்கிரம் தணிந்து, குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் அலைகள் மெல்ல அடங்கத் தொடங்கும் நாட்களில், குளச்சலிலும் முட்டத்திலும் இனயத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கடலோரத்து வீடுகளின் முற்றங்களில் ஒரே விதமான காட்சியைக் காணலாம். வீட்டு மூலையிலோ வலைக் கொட்டகையிலோ சாக்குப் போர்த்திக் கிடந்த அவுட்போர்டு மோட்டாரை இரண்டு பேராகத் தூக்கி வந்து, இரண்டு மரக்கால்களுக்கு நடுவே அறைந்த பலகையில் மாட்டி, எண்ணெய்க் குழாயைச் செருகி, இழுப்புக் கயிற்றின் கைப்பிடியைப் பற்றி, ஒருவர் களைத்தால் மற்றொருவராக மாறி மாறி இழுத்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடை விசைப்படகுகளைக் குறித்தது என்றாலும், கரையருகே அலை ஆளுயரத்துக்கு எழும்பி உடையும் காலத்தில் சிறு வல்லங்களும் ஃபைபர் படகுகளும் பல நாள் மணலேறிக் கிடப்பது வழக்கமே. சில வீடுகளில் மோட்டாரின் ஓய்வு இன்னும் நீண்டது. சொந்தக்காரர் தங்கல் தொழிலுக்கென்று வேறு கரைக்குப் போயிருப்பார். அல்லது வளைகுடா நாடொன்றில் ஒப்பந்தம் முடியும்வரை இருந்துவிட்டு இரண்டாண்டு கழித்துத் திரும்பியிருப்பார்.

கடல் அடங்கியதும் மனிதருக்கு உண்டாகும் அவசரத்தைக் குறைசொல்ல முடியாது. வருமானமின்றிக் கழிந்த வாரங்களும், அந்த வாரங்களில் ஏறிய கடனும், பக்கத்து வல்லம் நல்ல மீன்பாட்டோடு கரைதொட்டது என்ற செய்தியும் சேர்ந்து ஒருவரைக் கயிற்றின் பக்கம் தள்ளுகின்றன. ஆயினும், நெடுநாள் கிடப்பில் இருந்த ஒரு மோட்டாருக்கு நேரக்கூடிய சேதங்களில் பெரும்பகுதி, அது கிடந்த மாதங்களில் நேர்வதைவிட, பரிசோதனை ஏதுமின்றி அதன் கயிறு இழுக்கப்படும் முதல் சில நிமிஷங்களிலேயே நேர்கிறது என்பதை இக்கரையில் யந்திரம் பழுதுபார்க்கும் அனுபவசாலிகள் அனைவரும் ஒப்புக்கொள்வார்கள். கயிறு இழுப்பது கடைசி வேலை. அதற்கு முன் செய்யவேண்டியவை எவை, அவை ஏன் அவசியம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். காரணம் தெரிந்தவருக்குத்தான் அவசரத்திலும் கை நிற்கும்.

இந்த யந்திரத்தின் அமைப்பு எளியது. படகின் பின்பலகையில் வெளிப்புறமாகத் தொங்கவிட்டு, திருகுகளால் இறுக்கி, தேவையானபோது கழற்றித் தோளில் சுமந்து செல்லக்கூடிய முழுமையான சாதனம் இது. மேலே எஞ்சின், நடுவே நீண்ட கால், அடியில் கியர் பெட்டியும் சுழல்விசிறியும். நார்வேயில் 1877-ல் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரைத்திறனே உண்டு. எடையோ 62 பவுண்டு. அவருக்கு முன்பே கேமரான் வாட்டர்மன் என்ற அமெரிக்கர் இத்தகைய மோட்டாரைச் செய்திருந்தார். இன்று நம் கரைகளில் அதிகம் காணப்படும் யமஹா நிறுவனம் தன் முதல் அவுட்போர்டை 1960-ல் வெளியிட்டது. இத்தனை ஆண்டுகளில் சக்தியும் நுணுக்கமும் எவ்வளவோ பெருகியிருந்தும், அடிப்படை மாறவில்லை: கடல்நீரையே உறிஞ்சி, அதனாலேயே தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொண்டு, அதையே வெளியே தள்ளி ஓடும் யந்திரம் இது.

அந்த அடிப்படையில்தான் இதன் பலவீனமும் இருக்கிறது. காரின் எஞ்சினுக்குள் நாம் ஊற்றிய நல்ல நீர் மூடிய வட்டத்தில் சுற்றிவருகிறது. அவுட்போர்டுக்குள்ளோ ஒவ்வொரு நிமிஷமும் புதிய உப்புநீர் நுழைந்து வெளியேறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை உப்பு நீரோடு நீராகக் கழிந்துவிடும். மோட்டாரை நிறுத்தி, நல்ல நீரால் உள்ளே கழுவாமல் வைத்துவிட்டால், வழிகளின் வளைவுகளில் தேங்கிய நீர் வற்றி, உப்பு படிந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்க ஆரம்பிக்கிறது. இரண்டாவது எதிரி, கார்புரேட்டரிலும் குழாய்களிலும் மிஞ்சிய எரிபொருள். மூன்றாவதாக ரப்பரைச் சொல்லவேண்டும். அசையாமல் ஒரே நிலையில் வளைந்து கிடக்கும் ரப்பர், நிமிரும் குணத்தை நாளடைவில் இழந்துவிடுகிறது.

மூடியைத் திறந்தவுடன் எந்தக் கருவியையும் கையில் எடுக்காமல், வெறுங்கண்ணால் ஒருமுறை உள்ளே சுற்றிப் பார்ப்பது நல்லது. வலைக் கொட்டகைகளில் எலிக்குப் பஞ்சமில்லை. மோட்டாரின் மூடிக்குள் இருக்கும் கதகதப்பான இடத்தில் நூலும் பஞ்சும் சேர்த்துக் கூடு கட்டி, மின்கம்பிகளின் மேலுறையைக் கொறித்து வைத்திருப்பது அடிக்கடி காணும் விஷயம். கம்பிகளை விரலால் தடவிச் சென்றால் கடித்த இடம் தட்டுப்படும். இழுப்புக் கயிற்றை மெதுவாக முழுநீளத்துக்கும் வெளியே எடுத்து, நைந்த இழை உண்டா என்று பார்க்கவேண்டும். கடலின் நடுவே அறும் கயிறு கரையில் பார்த்தபோதே பாதி அறுந்திருக்கும். ஆனால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றாமல் இதைச் செய்யலாகாது. காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

முறைப்படி ஓய்வுக்கு வைத்தவர்கள், பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டு, ஃப்ளைவீலைச் சில சுற்றுச் சுற்றி, பிஸ்டனுக்கும் வளையங்களுக்கும் எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். அவ்வாறு செய்யாத மோட்டாரில் சிலிண்டர்ச் சுவர் ஈரத்தால் லேசாகத் துருப்பிடித்திருக்கும். எப்படியிருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான்: பிளக்குகளைக் கழற்றுங்கள்; துளை வழியே இரண்டு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் எண்ணெய் விடுங்கள்; சற்று நேரம் ஊற விடுங்கள்; பிறகு ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் செல்லும் திசையில்தான் சுற்றவேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் கீழே தண்ணீர்ப் பம்பிலுள்ள ரப்பர் இதழ்கள் மறுபுறமாக மடிந்து முறிந்துபோகும். பிளக் இல்லாததால் சிலிண்டரில் அழுத்தம் ஏறாது. ஃப்ளைவீல் இலகுவாகச் சுற்றும். எங்கேனும் உரசலோ தடையோ இருந்தால் கைக்கு உடனே தெரியும். கயிற்றின் வேகத்தில் அது தெரியாது, தெரியும்போது வளையம் உடைந்திருக்கும். பிளக் கழற்றிய நிலையில் சுற்றும்போது அதன் கம்பி முனைகளை எஞ்சினின் உலோகத்தோடு சேர்த்து வைப்பது இன்னொரு ஜாக்கிரதை. இல்லையேல் போக வழியற்ற மின்சாரம் பற்றவைக்கும் பெட்டியைக் கெடுக்கலாம், துளையிலிருந்து வரும் எரிவாயுவைத் தீப்பிடிக்கவும் செய்யலாம்.

ஃப்ளைவீல் அசையவே மறுத்தால் என்ன செய்வது? பலத்தைப் பிரயோகிக்காதீர்கள். மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து துளைகளில் ஊற்றி ஒரு நாளோ இரண்டு நாளோ ஊறவிட்டு, மீண்டும் மெல்லச் சுற்றிப் பாருங்கள். துருவால் மட்டும் பிடித்திருந்த பிஸ்டன் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். அப்படியும் அசையாததைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை குளச்சலிலும் பல கரைகளிலும் உயிர்களையும் உடைமைகளையும் வாரிச் சென்றபோது, எண்ணற்ற மோட்டார்கள் கடல்நீரில் மூழ்கி மணலில் புதைந்தன. மூழ்கிய மோட்டாரை மீட்டதும் வெயிலில் காயவைப்பதே பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அது தவறு. உப்புநீரில் நனைந்த எஃகு, காற்றுப் பட்ட கணத்திலிருந்துதான் விரைவாகத் துருப்பிடிக்கிறது. உடனே பிரித்துச் சுத்தம் செய்ய இயலாதபோது, நல்ல நீர் நிறைந்த பீப்பாயில் அதை முழுக அமிழ்த்தி வைத்து, மெக்கானிக் வந்தபின் எடுப்பதே அதைக் காப்பாற்றும் வழி. கேட்பவருக்கு வினோதமாகப் படினும், காற்றைத் தடுப்பதே அங்கே நோக்கம்.

இனி எரிபொருள். கிடப்பில் இருந்த மோட்டார் ஓடாமைக்குப் பத்தில் எட்டுக் காரணங்கள் இங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம். பெட்ரோல் நாம் நினைப்பதுபோல் நிலையான திரவமன்று. அதன் இலேசான பகுதிகள்தாம் குளிர்ந்த எஞ்சினை எளிதில் பற்றவைப்பவை. அவையே முதலில் ஆவியாகிப் போகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்து சில மாதங்களில் பசையாக மாறுகிறது. இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம்வரை எத்தனால் கலந்திருப்பதால் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் சுபாவமுடையது. கடற்கரைக் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும், எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடுகின்றன. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது இரட்டை அபாயம். எஞ்சினின் தாங்கிகளுக்கும் பிஸ்டனுக்கும் வேண்டிய மசகெண்ணெய், பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது; அடியில் பிரிந்த அந்தத் திரவத்திலோ எண்ணெய் இல்லை. தொட்டியின் உறிஞ்சுகுழாய் அடியிலிருந்துதானே எடுக்கிறது! சரியாகப் பற்றாமல் திணறி ஓடும் அந்த எஞ்சின், மசகில்லாமலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே பழைய எரிபொருளைத் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். நடுவே கோடுபோட்டாற்போல் இரண்டு அடுக்குத் தெரிந்தாலும், நிறம் கறுத்து மணம் புளித்திருந்தாலும், அதை முழுவதும் நீக்கிவிடவேண்டும். கடலிலும் மணலிலும் கொட்டவேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கேறிய பாகங்களைக் கழுவ மெக்கானிக்குக்கு அது பயன்படும். தொட்டியைத் துடைத்துப் புதிய பெட்ரோலை ஊற்றி, உற்பத்தியாளர் கூறிய அளவில் எண்ணெய் கலக்கவேண்டும். பல டூ ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு அது ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. இருசக்கர வண்டிக்குரிய எண்ணெயைக் கலக்கிறவர்கள் உண்டு. டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் குறித்திருக்கும் எண்ணெயே நீரால் குளிரூட்டப்படும் அவுட்போர்டுக்கென்று செய்தது. தொட்டியிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். நடுவிலுள்ள ரப்பர் குமிழின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும்; அது மோட்டாரை நோக்கியிருக்கவேண்டும். பிசையப் பிசையக் குமிழ் இறுகி நிற்பதே ஆரோக்கியம். எவ்வளவு பிசைந்தும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது. தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்து, எஞ்சின் பத்து நிமிஷத்தில் நின்றுபோனதற்குக் கார்புரேட்டரைப் பிரித்தவர்களும் இருக்கிறார்கள்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு சிறு திருகு உண்டு. அதன் கீழே ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பிடித்துத் திருகைத் தளர்த்தினால், கடைசியாக மோட்டார் ஓடிய நாளில் மிஞ்சிய சொட்டுகள் வந்து விழும். தெளிவாக வந்தால் வைத்தவர் சிரத்தையுள்ளவர். பழுப்புப் பசையோ, பச்சைப் பொடியோ, வெண்மையான உப்போ வந்தால் கார்புரேட்டரைக் கழற்றவேண்டியதுதான். உள்ளே பித்தளையால் ஆன ஜெட்டுகள் இருக்கின்றன. எரிபொருள் அளந்து செல்லும் அந்தத் துளைகள் ஊசிமுனையளவே. அவற்றில் கம்பியைவிட்டுக் குத்துவது மிகுந்த தவறு. பித்தளை மென்மையான உலோகமாதலால் துளை அகன்றுவிடும். அகன்றபின் எஞ்சின் என்றைக்கும் தேவைக்கு மேல் குடித்துப் புகைவிடும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவிட்டு, காற்றால் ஊதி, பிறகும் அடைப்பு நீங்காவிட்டால் மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை நுழைத்து எடுக்கலாம். வலை பின்னும் வீட்டில் அதற்குப் பஞ்சமிராது. ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தால், வெளிச்சம் பிசிறில்லாத வட்டமாகத் தெரியவேண்டும்.

மண்ணெண்ணெய் மோட்டார்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவேண்டும். பெட்ரோலில் தொடங்கி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைசேரும் தறுவாயில் மறுபடி பெட்ரோலுக்குத் திரும்பி நிறுத்துவதே அவற்றை ஓட்டும் முறை. அந்தக் கடைசித் திருப்பத்தைச் செய்யாமல் நிறுத்தியவர், கார்புரேட்டர் நிறைய மண்ணெண்ணெயை வைத்தே மோட்டாரை மூடியிருக்கிறார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. ஆவியாகாதது பற்றுவதும் இல்லை. ஐம்பது முறை கயிற்றை இழுத்தாலும் பிளக்கு நனைவதைத் தவிர வேறு பலன் கிட்டாது. அடிக்கிண்ணத்தை வடித்துவிட்டுப் பெட்ரோலை ஏற்றினால் அதே மோட்டார் நாலாவது இழுப்பில் எழுந்துவிடும். மண்ணெண்ணெய் விட்டுச்செல்லும் கரி அதிகமாதலால் பிளக்குகளும் கறுத்திருக்கும். பழைய பிளக்குகளை முதல் ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிந்து தீர்ந்தபின் புதியவற்றை மாட்டுவது சிக்கனமான வழக்கம். மாட்டும்போது விரலாலேயே முழுதும் திருகி, வாஷர் உட்கார்ந்தபின் சாவியால் அரைச் சுற்றுக்கு மேல் இறுக்கவேண்டாம். அலுமினிய மரை கெட்டால் செலவு பெரிது.

கீழே கியர் பெட்டிக்கு வருவோம். அதன் பக்கவாட்டில் மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு திருகுகள் இருக்கின்றன. அடித்திருகைக் கழற்றிப் பாத்திரத்தைப் பிடித்தபின் மேல்திருகையும் கழற்றினால்தான் எண்ணெய் தாராளமாக இறங்கும். அப்போது அதன் நிறத்தைக் கூர்ந்து பார்க்கவேண்டும். தேன் நிறமாகவோ கறுத்தோ இருந்தால் கவலையில்லை. பால்விட்ட காப்பியைப்போல் வெளுத்து வந்தால் நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். நீர் புகும் வழி பெரும்பாலும் சுழல்விசிறியின் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல். கைவிட்டுப்போன வலையிலிருந்து ஒரு நரம்பு தண்டில் சுற்றிக்கொண்டு, சுழலச் சுழல உள்ளே இறங்கி, அந்த மெல்லிய ரப்பர் உதட்டை அறுத்துவிடுகிறது. சுழல்விசிறியைக் கழற்றிப் பார்த்தால் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத அந்த நரம்பு, சீலின் ஓரத்தில் இறுகிய மோதிரமாகச் சுற்றியிருப்பதைக் காணலாம். நீர் கலந்த எண்ணெயோடு மாதக்கணக்கில் கிடந்த பற்சக்கரங்களும் தாங்கிகளும் துருவேறியிருக்கக்கூடும். அவ்வாறான மோட்டாரை எண்ணெய் மாற்றி மட்டும் கடலுக்கு எடுத்துச் செல்லலாகாது. புதிய எண்ணெயை ஊற்றுவதிலும் ஒரு முறை உண்டு. மேலிருந்து ஊற்றினால் நடுவே காற்று தங்கிவிடும். அடித்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் குமிழியின்றி எண்ணெய் வழியக் கண்டபின், முதலில் மேல்திருகையும் அப்புறம் அடித்திருகையும் பூட்டவேண்டும். 15 குதிரைத்திறன் மோட்டாருக்கே கால் லிட்டர் அளவுதான் பிடிக்கும். திருகுகளின் வாஷர்களைப் புதியதாகப் போடுவது அற்பமான செலவு. பழையதையே போட்டு நீர் புகவிடுவது அற்பமான செலவல்ல.

இதுவரை சொன்னவை எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதுவது, யாருடைய கண்ணிலும் படாமல் காலின் நடுவே ஒளிந்திருக்கும் தண்ணீர்ப் பம்பு. எஃகுத் தகட்டாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு சிறு கிண்ணத்துக்குள், மையம் சற்றே விலகிய நிலையில், ஐந்தாறு இதழ்கள் கொண்ட ரப்பர்ச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதற்கு இம்பெல்லர் என்று பெயர். மையம் விலகியிருப்பதால் இதழ்கள் ஒருபுறம் நிமிர்ந்தும் மறுபுறம் மடிந்தும் சுற்றிவருகின்றன. நிமிரும் இடத்தில் நீரை இழுத்து, மடியும் இடத்தில் மேலே பிதுக்கித் தள்ளுகின்றன. அந்த நீரே அந்த ரப்பருக்கு மசகு. நீரின்றிச் சுழன்றால் சில விநாடிகளிலேயே ரப்பர் சூடேறி உருகத் தொடங்கும். முற்றத்தில் மாட்டி வைத்து, "சத்தம் வருகிறதா என்று சும்மா ஒரு தடவை" கயிற்றை இழுத்துப் பார்க்கும் வழக்கம் எத்தனை கெடுதலானது என்பது இதனால் விளங்கும். நெடுநாள் கிடந்த இம்பெல்லரைக் கையிலெடுத்துப் பார்த்தால், மடிந்த இதழ்கள் மடிந்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அவை நீரைத் தள்ளும் வலிமையை இழந்துவிட்டன. ஓராண்டுக்கு மேல் கிடப்பில் இருந்த மோட்டாரில் யோசனைக்கே இடமின்றி இதை மாற்றிவிடலாம். பழையதன் இதழ் ஒன்று உடைந்திருந்தால், உடைந்த துண்டு எங்கே என்று தேடவும் வேண்டும். அது மேலே நீர்வழியில் ஏறி எங்கேனும் அடைத்துக்கொண்டிருக்கும்.

பம்பு சரியாயிருந்தும் நீர் வராமல் போவதுண்டு. கடலோரத்து ஊர் ஒன்றில் ஒரு வீட்டு முற்றத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய வாலிபர் ஒருவர் மோட்டாரை நீர் நிறைந்த பீப்பாயில் இறக்கி ஓடவிட்டிருந்தார். எஞ்சின் அழகாக ஓடிற்று. ஆனால் பின்புறத்துச் சிறு துளையிலிருந்து பீச்சவேண்டிய நீர்த்தாரையைக் காணோம். வயதான மெக்கானிக் வந்தவுடன் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"போகும்போது நல்லா ஓடின மிஷின் அண்ணே. பம்புலதான் கோளாறு, பிரிச்சிரலாமா?" என்றார் வாலிபர்.

"இரி மக்களே. பிரிக்கதுக்கு முன்ன வாசலைப் பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு துண்டுத் தூண்டில் நரம்பை அந்தத் துளைக்குள் நுழைத்து மெல்லத் திருகினார். காய்ந்த செம்மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தொடர்ந்து அதனுள்ளிருந்து உலர்ந்துபோன சிறு சிலந்திகள் சிலவும் வந்தன. மண்குளவி தன் குஞ்சுக்கு இரைவைத்து அடைத்த கூடு அது. மறுபடி ஓடவிட்டதும் நீர் முற்றத்துத் தென்னையின் அடிவரை பீச்சியது. பம்பைப் பிரித்திருந்தால் அரைநாள் போயிருக்கும். துருவேறிய போல்ட்டு ஒன்றிரண்டு முறிந்துமிருக்கும்.

அடைப்பு இல்லாமலும் பம்பு நன்றாயிருந்தும் நீர் ஆவியாக வந்தால், தெர்மோஸ்டாட் உப்பேறி மூடியபடி ஒட்டியிருக்கிறதா என்று சந்தேகிக்கவேண்டும். சிலிண்டர்த் தலையில் மூடிக்கடியில் இருக்கும் அந்தச் சிறு வால்வை எடுத்து நூலில் கட்டி, நீர் நிறைந்த பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பிலேற்றினால், பல மோட்டார்களில் 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேடுக்குள் அது திறக்கத் தொடங்குவதைக் கண்ணாலேயே காணலாம். திறக்காததை வினிகரில் ஊறவைத்துப் பார்க்கலாம். அப்போதும் திறக்காவிட்டால் மாற்றுவதே சரி. தெர்மோஸ்டாட்டையே எடுத்தெறிந்துவிட்டு ஓட்டும் பழக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன். மிகக் குளிர்ந்தபடி ஓடும் எஞ்சினில் எரிபொருள் முழுதும் எரியாமல் கரி படிகிறது.

மீதமுள்ள வேலைகள் சிறியவை. சுழல்விசிறியின் தண்டைத் துடைத்துக் கிரீஸ் தடவி மாட்டி, காட்டர் பின்னைப் புதியதாகப் போடுங்கள். திசைதிருப்பும் தண்டிலும் தூக்கும் கீலிலும் உள்ள நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியேறும்வரை புதியதை ஏற்றுங்கள். காலோடு பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி, அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்பட்டது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றவேண்டும், அதன்மேல் சாயம் பூசவே கூடாது. பூசினால் அது வேலைசெய்யாது. படகின் அடிக்குப் பூசும் தாமிரம் கலந்த சாயத்தை மோட்டாரின் காலிலும் பூசிவிடுகிறவர்கள், அரிமானத்தைத் தாங்களே அழைத்து வருகிறார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரானால் எஞ்சின் எண்ணெயையும் அதன் ஃபில்டரையும் மாற்றுவது அவசியம். பொத்தானை அழுத்தித் தொடங்கும் வகையானால் பேட்டரியின் முனைகளைத் துலக்கி, முழுதும் சார்ஜ் ஏற்றியிருக்கவேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் கயிற்றுக்கு வரலாம். நல்ல நீர் நிறைந்த பெரிய பீப்பாயில் மோட்டாரை இறக்குங்கள். சுழல்விசிறிக்கு நேர்மேலே கிடையாக நீட்டியிருக்கும் தகட்டுக்கு மேலாக நீர்மட்டம் நிற்கவேண்டும். கியர் நடுநிலையில் இருக்கட்டும். நிறுத்தும் சாவியின் சுருள்கயிறு மாட்டியிருக்கட்டும். ரப்பர்க் குமிழை இறுகும்வரை பிசைந்து, சோக்கை இழுத்து, கயிற்றை முதலில் மெல்ல இழுத்துப் பல் பிடித்தபின் ஒரே வீச்சில் இழுங்கள். சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிவதால் முதலில் முற்றமே மறையும்படி புகை வரும். பயப்படவேண்டாம், சில நிமிஷங்களில் அடங்கும். கண் இருக்கவேண்டியது புகையின்மேலன்று, நீர்த்தாரையின்மேல். தொடங்கிய ஒரு நிமிஷத்துக்குள் அது வராவிட்டால் தயக்கமின்றி நிறுத்திவிடுங்கள். வரும் நீரில் கைவைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும்; கை பொறுக்காத சூடு ஆகாது. வேகம் கூட்டாமல் பத்து நிமிஷம்போல ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்குகளை மாற்றி, எரிபொருள் குழாயின் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அதன்பின் கடல். முதல் நாளே தொலைவுக்குப் போக எண்ணாமல், துடுப்பும் நங்கூரமும் மாற்றுப் பிளக்கும் சாவிகளும் உடன் எடுத்துக்கொண்டு, கரை கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குள் ஓட்டிப் பார்ப்பதே விவேகம். பின்பலகையில் மோட்டாரை இறுக்கிய திருகுகள் முதல் ஓட்டத்தின் அதிர்வில் தளரும். பாதிவழியில் நிறுத்தி ஒருமுறை இறுக்கிவிடவேண்டும். மோட்டாரின் கைப்பிடியிலிருந்து படகுக்கு ஒரு காவல் கயிறும் கட்டியிருப்பது நல்லது. திரும்பியதும் நல்ல நீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவி, மோட்டாரை நிமிர்ந்த நிலையில் இரவு முழுவதும் தொங்கவிடுங்கள். எண்ணெயைவிட நீர் கனமாதலால், கியர் பெட்டியில் ஒரு சொட்டு நீர் புகுந்திருந்தாலும் விடிவதற்குள் அது அடியில் வந்து தங்கிவிடும். காலையில் அடித்திருகை மட்டும் அரைச்சுற்றுத் தளர்த்தி, கசிந்துவரும் முதல் துளியை விரல்நுனியில் ஏந்திப் பாருங்கள். எண்ணெயாக வந்தால் திருகை இறுக்கிவிட்டுத் தொழிலுக்குப் போகலாம். நீராக வந்தால், மற்ற வல்லங்கள் போனாலும் அன்று போகாமல், சீலை மாற்ற மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.